ஆஸ்பத்திரியில் முதியோர் விழாது காத்தல்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்வி, கைத்தொழில், விவாகச் செலவு முதலிய பெரிய விஷயங்களைப்பற்றி அறிஞர் பலர் இம்மேடையில் இதுகாறும் பேசினர். யாம் பேசப் புகுவதோ சிறு விஷயம்போலத் தோன்றும். ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பெற்ற வயோதிகர் கட்டிலினின்று இறங்கும்போதும், கழிப்பறைக்கு நடக்கும்போதும் கீழே விழுதலைப்பற்றியும், அவர்கள் விழாவண்ணம் செவிலியர் காக்கும் முறையைப்பற்றியும், அக்காவலுக்கு நாம் துணை நிற்கின்றோமா அன்றி இடையூறு செய்கின்றோமா என்பதைப்பற்றியும் சில சொல்ல விரும்புகின்றோம். பல்லாண்டுகள் வார்டுகளில் இரவும் பகலும் செவிலிப் பணி செய்து ஓய்வு பெற்றவராதலின், இதனைச் சொல்லும் உரிமை எமக்கு ஒருவாறு உண்டென நம்புகின்றோம். நம் வீட்டிலும் முதியோர் உளர். நாமும் ஒரு நாள் முதியோராவோம். ஆதலின் இது சிறு விஷயமன்று.

விழுதல் யாவர்க்கும் உள்ளதே. தளர்நடைக் குழந்தை நாளொன்றுக்குப் பத்து முறை விழுந்து எழுகின்றது. எழுபது வயதினர் ஒரு முறை விழுவாராயின் அது வேறு கதை. அவர் எலும்பு மெலிந்திருக்கும். தோல் காகிதம்போல் இருக்கும். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவராயின், தலையிற் பட்ட சிறு அடியும் உள்ளே இரத்தங் கசியச் செய்து உயிர்க்கே இறுதியாகலாம். இடுப்பெலும்பு முறிந்த முதியோருள் ஐவரில் ஒருவரேனும் ஓராண்டிற்குள் இறந்துபடுதலைப் பல நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்ததனால் மாண்டு போகின்றனர். அவர்களுள் நூற்றுக்கு எண்பதின்மர்க்கு மேற்பட்டோர் நம்முடையது போன்ற வருவாய் குறைந்த நாடுகளையும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளையும் சேர்ந்தோர். அறுபது வயது கடந்தோரே அவருள் மிகுதி. இக்கணக்கு வீட்டிலும் வெளியிலும் விழுந்தோர் அனைவரையும் சேர்த்தது. ஆஸ்பத்திரியை மட்டும் எடுத்துக்கொண்டால், இங்கிலாந்து தேசத்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,50,000 முறை நோயாளிகள் விழுந்ததாக 2017-ல் வெளியான அறிக்கை கூறிற்று. எழுதி வைத்த தேசத்தில் இவ்வளவு. எழுதி வையாத இடங்களின் நிலையைத் தாங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

நோய் தீர்க்கப் போன இடத்திலே எலும்பு முறிந்து வருதல், மரத்திலிருந்து விழுந்தவனை மாடு ஏறி மிதித்த கதையேயாகும். காய்ச்சலுக்காகச் சேர்ந்த பெரியவர் ஒருவர், காய்ச்சல் தணிந்து, மறுநாட் காலை வீடு செல்லலாம் என்றிருந்த இரவில் விழுந்து, பின் இரண்டு மாதம் படுக்கையிற் கிடந்ததை யாம் கண்டதுண்டு. எலும்பு கூடிய பின்னும் அவர்க்கு அச்சம் நீங்கவில்லை. நடக்க அஞ்சுபவர் நடப்பதைக் குறைப்பர். நடை குறையக் கால் வலி குன்றும். கால் வலி குன்ற மீண்டும் விழுவர். இது சுழல்போல வருவது.

இனி, விழுதற்குக் காரணம் யாதெனக் கேட்பின், நம்மவர் இரண்டே விடை கூறுவர். "வயதாயிற்று, விதி" என்பர் சிலர். "நர்ஸு கவனிக்கவில்லை" என்பர் பலர். இவ்விரண்டும் ஆராயாது கூறுவன. ஆஸ்பத்திரியில் முதியோர் விழுதற்குப் பெரும்பாலும் முன்னரே அறியத்தக்க காரணங்கள் உள.

படுத்திருந்தவர் திடீரென எழுந்து நிற்குங்கால், இரத்தம் கால் நோக்கி இறங்குகின்றது. இளமையில் நாளங்கள் உடனே சுருங்கி அதனை ஈடு செய்யும். முதுமையில் அவ்விரைவு இல்லை. நின்ற மூன்று நிமிஷத்திற்குள் இரத்த அழுத்தத்தின் மேலெண் 20 அளவேனும் கீழெண் 10 அளவேனும் குறையுமாயின், அதனை வைத்தியர் ஒரு நோய்க்குறியாகவே கொள்வர். அவர்க்குக் கண் இருளும், தலை சுற்றும். இரத்தக் கொதிப்பு மாத்திரையும் தூக்க மாத்திரையும் இதனை மிகுவிக்கும். நீர் பிரிவதற்குரிய மாத்திரையை மாலை கடந்து கொடுத்தால், அவர் இரவெல்லாம் எழுந்து நடக்க வேண்டியவராவர். கையில் டிரிப் ஏறுகின்றது. அதன் குழாய் காலில் தடுக்குகின்றது. கண்ணாடி எட்டாத அலமாரியில் இருக்கின்றது. காலில் ஈர ஹவாய்ச் செருப்பு. தரையோ பினாயில் இட்டுத் துடைத்து உலராத தரை. வீட்டிலே இருட்டிலும் வழி தெரிந்த கால், புதிய இடத்தில் தட்டுத் தடுமாறுகின்றது. மேலும், காய்ச்சலாலும், நீர்த்தாரையிற் பற்றிய கிருமியாலும், முதியோர்க்கு மதிமயக்கம் உண்டாதல் உண்டு. பகலெல்லாம் தெளிவாகப் பேசியிருந்தவர், இரவிலே தாம் வீட்டில் இருப்பதாக எண்ணி, வாசற்கதவைத் தாழிட வேண்டுமென்று எழுவர்.

இவற்றுள் யாம் மிகுதியும் கண்ட காரணம் கழிப்பறைக்குப் போகும் அவசரமே. அதனுள்ளும் ஒரு நுட்பம் உண்டு. நம் முதியோர் கேட்கக் கூசுவர். "அந்தப் பெண் எத்தனை பேரைத்தான் பார்ப்பாள், நம்மால் ஏன் தொந்தரவு?" என்று ஆச்சியார் எண்ணுவர். "மருமகள் முன்னே எப்படிச் சொல்வது?" என்று மாமனார் அடக்கிக்கொண்டு கிடப்பர். இனி அடக்க இயலாதென்ற நிலையில், அருகே படுத்திருக்கும் மகனையும் எழுப்பாது, தாமே கட்டிற் கம்பியைத் தாண்டி இறங்குவர். விழுவர். நாணமும் பிறர்க்குப் பாரமாகலாகாதென்னும் பெருந்தன்மையும் அவர்களுக்கு அழகிய குணங்கள். ஆயின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவையே அவர்களை வீழ்த்துகின்றன.

இனிச் செவிலியர் செய்வது யாதெனப் பார்ப்போம். நோயாளி வார்டிற்கு வந்தவுடன், அவர் விழக்கூடியவரா என்பதை மதிப்பிடுதல் அவர்தம் முதற்கடமைகளுள் ஒன்று. ஜானிஸ் மோர்ஸ் என்னும் அம்மையார் வகுத்து 1989-ல் வெளியிட்ட அளவுகோல் பல நாடுகளில் வழங்குகின்றது. அதில் ஆறே கேள்விகள். முன்னர் விழுந்ததுண்டா? ஒன்றுக்கு மேற்பட்ட நோய் உண்டா? எதனைப் பிடித்து நடக்கின்றார்? கையில் மருந்தேற்றும் ஊசி உண்டா? நடை எத்தகையது? தம் வலியளவைத் தாம் அறிந்திருக்கின்றாரா? இவ்வாறுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டுவர். வீட்டுச் சாமான்களைப் பிடித்துப் பிடித்து நடப்பவர்க்கு, ஊன்றுகோல் கொண்டு நடப்பவரினும் இருமடங்கு எண் இடப்பெறும் என்பது கவனிக்கத்தக்கது. கோலூன்ற வெட்கி, சுவரைப் பிடித்து நடக்கும் பெரியோர் நம்மிடையே எத்தனை பேர்!

எண் இட்டதனாலேயே எவரும் விழாதிருப்பதில்லை. அதன்பின் வேலை இருக்கின்றது. கட்டிலைத் தாழ்த்தி வைத்தல், அதன் சக்கரங்களைப் பூட்டுதல், அழைப்பு மணியும், தண்ணீரும், கண்ணாடியும், வாக்கரும் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல், இரவில் சிறு விளக்கு எரியவிடுதல், எழுமுன் சற்று உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, பின் நிற்கக் கற்பித்தல், தலை சுற்றச் செய்யும் மருந்து எதுவென வைத்தியரை வினவுதல், எல்லாவற்றிலும் மேலாக, நோயாளி கேட்கும்வரை காத்திராது, குறித்த நேரத்தில் தாமே சென்று, "ஐயா, கழிப்பறைக்குப் போக வேண்டுமா?" என்று வினவி அழைத்துச் செல்லுதல். இக்கடைசிக் கேள்வி மேற்சொன்ன நாணத்தை வெல்லும் மருந்து.

இவை அனைத்தும் பயன் தருமா என அறிஞர் ஆராய்ந்திருக்கின்றனர். அவ்வாராய்ச்சிகளின் முடிவு ஆச்சரியமானது. அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் 16 வார்டுகளில், நோயாளி எழுந்தால் ஒலிக்கும் கட்டில் மணிகளை மிகுதியாகப் பயன்படுத்திப் பார்த்தனர். விழுவோர் தொகை குறையவில்லை என 2012-ல் வெளியிட்டனர். ஆஸ்திரேலியாவில் 6 ஆஸ்பத்திரிகளின் 24 வார்டுகளில், எச்சரிக்கைப் பலகை, தாழ்ந்த கட்டில், மணி முதலிய ஆறு உபாயங்களைக் கைக்கொண்டு பார்த்தனர். 2016-ல் வெளியான முடிவின்படி அங்கும் விழுதல் குறையவில்லை. ஆனால் அதே தேசத்தில், நோய் தணிந்து உடல் தேறுவோர்க்குரிய 8 வார்டுகளில், 3,606 நோயாளிகளை வைத்து நடத்திய மற்றோர் ஆராய்ச்சியில், ஒவ்வொருவரிடமும் தனித்தனியே அமர்ந்து, "நீங்கள் விழக்கூடியது எதனால், அதற்கு நீங்கள் செய்ய வேண்டுவது யாது" எனக் கற்பித்து, அதனைப் பணியாளர்க்கும் அறிவித்தனர். விழும் விகிதம் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குறைந்தது. இது 2015-ல் வெளியாயிற்று. பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் 14 வார்டுகளில், நோயாளியும் குடும்பத்தாரும் செவிலியரும் கூடி ஒரு தாளில் அவரவர்க்குரிய காப்புமுறையைக் குறித்துக் கட்டிலருகே தொங்கவிட்டனர். விழுதல் நூற்றுக்கு 15 குறைந்தது. காயம்பட விழுதல் 34 குறைந்தது என 2020-ல் அறிவித்தனர்.

இவற்றால் விளங்குவது யாது? யாவர்க்கும் ஒரே பலகையைத் தொங்கவிடுதலாலும் விலையுயர்ந்த கருவியை வாங்கி வைத்தலாலும் மட்டும் முதியோரைக் காத்தல் இயலாது. அவரிடம் சொல்லி, அவர் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு செய்யும் காவலே பயன் தருகின்றது. மதிமயக்கம் உற்றவர்க்கு மட்டும் சொல்லிப் பயனில்லை. அவரருகே தெரிந்த முகம் ஒன்று இருத்தல் வேண்டும்.

"கட்டிலோடு கட்டிவிட்டால் விழமாட்டாரே" என்று கேட்பாரும் உளர். மக்களே வந்து, "அப்பாவைக் கட்டிப் போடுங்கள் சிஸ்டர்" என்று எம்மிடம் கேட்டதுண்டு. அன்பினாற் கேட்பதே, எனினும் அது தீங்கு. கட்டுண்டவர் திமிறுவர், மதிமயக்கம் மிகும், தோல் புண்ணாகும். கட்டாது வெறுமனே படுக்க வைப்பினும் கேடுண்டு. நோயற்ற முதியோரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்ததில், அவர்தம் கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்ததாக 2007-ல் அறிஞர் வெளியிட்டனர். நோயற்றவர்க்கே இவ்வாறெனின் நோயுற்றவர்க்குக் கூறவும் வேண்டுமோ? அமெரிக்க அரசாங்கத்தின் மெடிகேர் திட்டம், ஆஸ்பத்திரியில் விழுந்து காயமுற்றமைக்கு ஆகும் கூடுதற் செலவை 2008 அக்டோபர் முதல் கொடுப்பதில்லையென நிறுத்திற்று. நோக்கம் நல்லதே. ஆயின் அத்தண்டனைக்கு அஞ்சி, நடக்கத்தக்க முதியோரையும் நடக்கவிடாது கிடத்தும் வழக்கம் பெருகும் என அந்நாட்டு முதியோர் வைத்தியரே கவலையுற்றுக் கண்டித்து எழுதினர். விழாது காத்தல் என்பது நடவாது தடுத்தல் அன்று. விழாமல் நடக்கச் செய்தலேயாகும்.

இனி, இச்சொற்பொழிவின் உயிர்நிலையான விஷயத்திற்கு வருகின்றோம். ஓர் ஆஸ்பத்திரியில் யாம் கண்ட நிகழ்ச்சி இது. இடத்தின் பெயர் வேண்டுவதில்லை. இரவிலே முதியவர் ஒருவர் விழுந்தார். உறவினர் திரண்டு வந்து கூச்சலிட்டனர். அவர்களைச் சமாதானப்படுத்தும் பொருட்டு, அன்றிரவு டியூட்டியில் இருந்த இளஞ்செவிலியை நிர்வாகத்தார் வேலையினின்று நீக்கினர். முப்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு அன்றிரவு அவள் ஒருத்தியே இருந்தாள் என்பதை ஒருவரும் வினவவில்லை. கழிப்பறை வாசலில் விளக்கு எரியாதிருந்ததையும் ஒருவரும் எழுதவில்லை. அதன்பின் அவ்வார்டின் விபத்துப் பதிவேட்டில் பல மாதம் ஒரு விழுதலும் பதியப்பெறவில்லை. நிர்வாகத்தார் மகிழ்ந்தனர். விழுதல் நின்றுவிட்டதா? இல்லை, எழுதுதல்தான் நின்றது. விழுந்தவரை ஓசையின்றித் தூக்கிப் படுக்க வைத்து, "யாரிடமும் சொல்லாதீர்கள் பெரியவரே" என்று கைகூப்பும் நிலை வந்தது. விளக்கோ எரியாமலே இருந்தது.

பெரியோர்களே! இவ்வாறு மறைப்பதனால் வரும் கேடு பெரிது. விழுந்தவரை உடனே தூக்கலாகாது. தலையில் அடியுண்டா, எலும்பு முறிந்ததா, நாடியும் அழுத்தமும் எவ்வாறுள்ளன என்று பார்த்தபின்னரே தூக்க வேண்டும். இரத்தம் உறையாமருந்து உண்பவரை அதன்பின்னும் பல மணி நேரம் கண்காணிக்க வேண்டும். விழுந்ததையே மறைத்தால் இக்கண்காணிப்பு எங்ஙனம் நிகழும்? அஞ்சிய நாவினால் நோயாளி உயிரிழப்பான்.

மனிதர் தவறுவதை ஆராய்ந்த ஜேம்ஸ் ரீஸன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர், 2000-ல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு விபத்து ஒருவர் பிழையால் மட்டும் வருவதன்று எனவும், ஒன்றன்பின் ஒன்றாக வைத்த காப்புகளின் துளைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமையும்போதே அது நிகழ்கின்றது எனவும் விளக்கினார். நம்மூர் வழக்கிற் சொன்னால், ஏரி உடைவது கடைசியாகப் பெய்த மழையால் மட்டும் அன்று. கரையிலே நண்டு வளை இருந்தது, மதகு பழுதுற்றிருந்தது, பார்க்க வேண்டிய நீர்க்கட்டி இரண்டு ஊருக்கு ஒருவனாயினான். கடைசியில் நின்றவனைப் பிடித்து அடித்தால் கரை அடைபடுமோ? செவிலியர் தொகைக்கும் நோயாளி உயிர்க்கும் உள்ள தொடர்பும் ஊகமன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அறுவை செய்துகொண்டோரைப் பார்க்கும் செவிலி ஒருவர்க்கு மேலும் ஒரு நோயாளியைச் சேர்க்குந்தோறும், முப்பது நாளுக்குள் மரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு விகிதம் மிகுதியாகக் காணப்பட்டது.

இதனால் வேண்டுமென்றே கடமை தவறுவோரையும் விட்டுவிடுக என்று யாம் கூறவில்லை. குடித்து வந்து டியூட்டி பார்ப்பவரையும், அழைத்தும் அலட்சியமாய் வாராதவரையும் கண்டிக்கவே வேண்டும். ஆயின், தன் கண்ணெதிரே நேர்ந்ததை மறையாது எழுதியவளைத் தண்டித்தல் உண்மையைத் தண்டித்தலாகும். நன்கு நடக்கும் ஆஸ்பத்திரியில், ஒருவர் விழுந்தால், அரைமணிக்குள் வைத்தியரும் செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் கூடி நின்று, "என்ன நேர்ந்தது? ஏன் நேர்ந்தது? நாளை இது நேராமலிருக்க எதை மாற்றுவது?" என்று ஆராய்வர். விழப்போய்த் தப்பியதையும் எழுதி வைப்பர். அங்கே பதிவேடு நிறைந்திருக்கும். வார்டில் விழுவோர் குறைந்திருப்பர். பதிவேடு வெறுமையாய் இருக்கும் இடத்தைக் கண்டு நாம் மகிழ்தல் பேதைமை.

முதியோர் வைத்தியத்தில் நம் நாடு பின்தங்கிய நாடன்று. சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் வி. எஸ். நடராஜன் அவர்கள் 1978-லேயே முதியோர்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-ல் இத்துறைக்கு மேற்பட்டப் படிப்பும் ஏற்பட்டது. செவிலியர் கல்வியிலோ, வேலூரில் 1909-லேயே பயிற்சிப் பள்ளியும், 1946-ல் பட்டப்படிப்பும் தோன்றின. அக்காலத்தில் நம் சமூகத்தார் பலர், "பிறர் மலசலம் எடுக்கும் வேலைக்கு நம் பெண்ணை அனுப்புவதா?" என்று முகஞ் சுளித்தனர். இன்று நம் புதல்வியர் எத்தனையோ பேர் அப்பணியினால் குடும்பத்தைத் தாங்குகின்றனர். நாம் வார்டிலே நின்று ஏசும் செவிலியும் யாரோ ஒருவர் வீட்டுப் புதல்வியே. நம் வீட்டுப் புதல்வியை மற்றொரு வார்டில் மற்றொருவர் அவ்வாறே ஏசுகின்றனர்.

ஆதலின், இச்சபையோரிடம் நான்கு விண்ணப்பங்கள் செய்துகொள்ளுகின்றோம்.

முதலாவது: முதியோரை ஆஸ்பத்திரியிற் சேர்க்கும்போது, அவர் முன்பு விழுந்திருப்பாராயின் மறையாது சொல்லுக. உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் காட்டுக. கண்ணாடி, காது கருவி, ஊன்றுகோல், குதிகாலை இறுகப் பிடிக்கும் வழுக்காத செருப்பு இவற்றைக் கூடவே கொண்டு செல்லுக.

இரண்டாவது: இரவிற் கூட இருப்போர், படுக்குமுன் ஒரு முறையும் நள்ளிரவில் ஒரு முறையும் தாமே முதியோரை வினவிக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுக, அல்லது பெட்பேன் கொடுக்குக. தாம் தேநீர் அருந்த வெளியே செல்வதாயின் செவிலியரிடம் சொல்லிச் செல்லுக. "கேட்பது குற்றமன்று அப்பா" என்று அவர் மனங்கொள்ளச் சொல்லுக.

மூன்றாவது: விழ நேர்ந்தால், கூச்சலிடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எதனால் விழுந்தார்? அப்போது எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் இருந்தனர்? இனி என்ன மாற்றம் செய்வீர்கள்? இக்கேள்விகளைச் செவிலியிடம் மட்டும் கேளாது நிர்வாகத்திடமும் கேளுங்கள். விடை பெறாது விடாதீர்கள்.

நான்காவது: நம்முள் ஆஸ்பத்திரி நடத்துவோரும், தர்ம வைத்தியசாலைகளின் நிர்வாக சபையில் இருப்போரும் உளர். அவர்கள், விபத்தை எழுதியமைக்காக ஒருவரையும் நீக்குவதில்லை என உறுதி கூறுக. பளிங்குத் தரை போடுமுன் கழிப்பறையிற் பிடிகம்பி போடுக. முகப்பில் அலங்கார விளக்கு வைக்குமுன் வார்டு வழியில் இரவு விளக்கு வைக்குக. இரவிலே இன்னும் ஒரு செவிலியை நியமிக்குக. அச்செலவு, நன்கொடைக் கல்வெட்டிற் பொறிக்கத்தக்க எந்தத் தர்மத்திற்கும் தாழ்ந்ததன்று.

நம்மை நடை பழக்கியவர் அவர்கள். நாம் தளர்ந்து விழுந்தபோதெல்லாம், நம்மையும் அடியாது, தரையையும் பழியாது, கைகொடுத்து எழுப்பி மீண்டும் நடக்கவிட்டனர். அக்கடனைத் திருப்பிக் கொடுக்கும் காலம் நமக்கு வாய்த்திருக்கின்றது. அதனைச் செவிலியரோடு கைகோத்துச் செலுத்துவோமாக.